லம்ஜுங் மலையில் நான்கு வாரம்: பணம் கட்டிச் செய்த தன்னார்வப் பணி

2023 மே மாதக் கோடை விடுமுறையில் நேபாளத்தின் லம்ஜுங் மாவட்டத்துக்குப் போய், ஒரு மலைக் கிராமத்துப் பள்ளியில் பாடம் எடுத்தேன். காத்மாண்டுவில் உள்ள ஒரு தனியார் நிறுவனம் ஏற்பாடு செய்த தன்னார்வத் திட்டம் அது. நான்கு வாரத்துக்கு 42,000 இந்திய ரூபாய் கட்டணம். போகவர ஆகும் செலவு தனி. நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. நேபாளம், கம்போடியா, தான்சானியா என்று எந்த நாட்டைத் தேடினாலும் இதே திட்டத்தை இதே சொற்களில் விற்கிறார்கள். ஒரு கடையின் பெயரைச் சொன்னால் அடுத்த கடை நல்ல கடை என்று யாராவது நினைத்துவிடக் கூடும்.

எனக்கு ஊர் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். பி.எட். முடித்து மூன்று ஆண்டுகளாகத் தனியார் பள்ளி ஒன்றில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். அந்த 42,000 ரூபாய் எனக்கு மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். அதனால் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது என்று பார்க்கும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன். கல்லூரி முடித்த தம்பி தங்கைகள் பலர் இப்போது இந்தத் திட்டங்களைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வழி. சேலத்தில் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் கோரக்பூர் வரை வண்டி மாற வேண்டியதில்லை. மூன்றாம் நாள் அங்கே இறங்கி, பஸ்ஸில் மூன்று மணி நேரம் போனால் சுனௌலி எல்லை. நமக்கு விசா கிடையாது. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ போதும். நடந்தே எல்லையைக் கடந்தேன். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளை நேபாளம் 2018 டிசம்பரில் தடை செய்திருந்ததால் என் பையில் நூறு ரூபாய்க் கட்டுகள் மட்டும். நம் 100 ரூபாய்க்கு அவர்களுடைய 160 ரூபாய். 1993 முதல் மாறாத கணக்கு. கைக்கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டேன். பைரஹவாவிலிருந்து காத்மாண்டுவுக்கு இரவு பஸ். புட்வல், நாராயண்காட் இடையே சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. விடிந்து பார்த்தால் பஸ்ஸில் இருந்த அத்தனை பேர் தலைமுடியும் ஒரே செம்மண் நிறம்.

காத்மாண்டுவில் குறை சொல்ல அதிகம் இல்லை. பஸ் நிலையத்துக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். தமேல் பகுதியில் சுத்தமான அறை, வெந்நீர், மூன்று இரவு. பயிற்சிதான் பயிற்சியாக இல்லை. முதல் நாள் சுயம்புநாத், பௌத்தநாத் கோவில்களைச் சுற்றிக் காட்டினார்கள். இரண்டாம் நாள் காலை இரண்டு மணி நேரம் நேபாளி மொழி. பிற்பகல் எப்படி உடுத்த வேண்டும், எந்தக் கையால் சாப்பிட வேண்டும் என்ற விளக்கம். பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று ஒரு வார்த்தை கிடையாது.

என்னுடன் இன்னும் இருவர் அதே கிராமத்துக்கு வந்தார்கள். நெதர்லாந்திலிருந்து 18 வயதுப் பெண், ஜெர்மனியிலிருந்து 19 வயதுப் பையன். பள்ளிப் படிப்பு முடிந்து கல்லூரி சேர்வதற்குள் ஓராண்டு உலகத்தைப் பார்க்கக் கிளம்பியவர்கள். இருவரும் தங்கமான பிள்ளைகள். தண்ணீர்க் குடம் தூக்குவதிலிருந்து கழிவறை கழுவுவது வரை எந்த வேலைக்கும் முகம் சுளித்ததில்லை. ஆனால் இருவரும் அதுவரை ஒரு வகுப்பறையில் கரும்பலகைக்கு முன்னால் நின்றதே இல்லை. அவர்கள் ஊரில் இந்த வயதில் ஒரு பிள்ளையை அவர்களிடம் ஒப்படைத்து 'பாடம் நடத்து' என்று எந்தப் பள்ளியும் சொல்லாது. நேபாளத்து மலைப் பிள்ளைகளுக்கு மட்டும் அது போதும் என்று யார் முடிவு செய்தார்கள்?

இரண்டு விஷயங்களில் எனக்குக் கடும் கோபம் உண்டு. ஒன்று, எங்கள் மூவரிடமும் காவல்துறைச் சான்றிதழ் கேட்கவில்லை. பாஸ்போர்ட் நகல், ஒரு புகைப்படம், பணம், இவ்வளவுதான். நான் வேலை செய்யும் பள்ளியில் வேன் ஓட்டுநருக்குக்கூட நன்னடத்தைச் சான்று இல்லாமல் வேலை கொடுப்பதில்லை. சிறு பிள்ளைகளுடன் நாள் முழுவதும் இருக்கப் போகிற வெளிநாட்டு ஆள் யார், எப்படிப்பட்டவர் என்று ஒரு கேள்வி கேட்க வேண்டாமா?

இரண்டாவது, விசா. நேபாளத்துச் சுற்றுலா விசாவில் வருபவர் சம்பளத்துக்கோ சம்பளம் இல்லாமலோ வேலை செய்யக் கூடாது. இந்தியர்களுக்கு விசாவே இல்லாததால் என்னை அது தொடவில்லை. மற்ற இருவருக்கும் வருவதற்கு முன்பே மின்னஞ்சல் வந்திருக்கிறது: விமான நிலையத்தில் கேட்டால் மலையேற வந்ததாகச் சொல்லுங்கள் என்று. சேவை செய்ய வருகிற பிள்ளையை வாசலிலேயே பொய் சொல்ல வைக்கிறார்கள். அந்த நெதர்லாந்துப் பெண் இதை என்னிடம் சொன்னபோது அவள் குரல் தாழ்ந்துவிட்டது. பிடிபட்டால் தண்டனை அவளுக்குத்தான்.

காத்மாண்டுவிலிருந்து டும்ரே வழியாகப் பேசிசஹர், அங்கிருந்து ஜீப்பில் இரண்டு மணி நேரம், கடைசியில் அரை மணி கல் படிக்கட்டு. குருங் மக்களின் கிராமம். விடியற்காலையில் லம்ஜுங் ஹிமால், இரண்டாம் அன்னபூர்ணா ஆகிய பனிச் சிகரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் தெரியும். பதினொரு மணிக்குள் மேகம் மூடிவிடும். அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

அரசுப் பள்ளி. ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள், ஐந்து ஆசிரியர்கள், 47 பிள்ளைகள். முன்பு இதைவிட மூன்று மடங்கு இருந்ததாகத் தலைமையாசிரியர் சொன்னார். ஆண்கள் கத்தாருக்கும் மலேசியாவுக்கும் போய்விட, அங்கிருந்து வரும் பணத்தில் பிள்ளைகளைப் பேசிசஹருக்கும் போக்ராவுக்கும் கொண்டுபோய்த் தனியார் பள்ளிகளில் சேர்க்கிறார்கள். மலையில் மிஞ்சியிருப்பவர்கள் அதற்கும் வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள். அப்போது ஞாயிறு முதல் வெள்ளி வரை பள்ளி, சனிக்கிழமை விடுமுறை. காலை ஒன்பது மணிக்கே சோறும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு வருகிறார்கள். மதியம் சின்ன வகுப்புகளுக்கு அவலும் கொண்டைக்கடலையும். அதற்கு அப்போது அரசு கொடுத்தது ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 15 நேபாள ரூபாய், நம் பணத்தில் ஒன்பது ரூபாய் சொச்சம். சத்துணவு சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அந்த வரிசையில் தட்டோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்ததும் என் தொடக்கப் பள்ளித் தாழ்வாரம் நினைவுக்கு வந்தது.

நேபாளத்தில் கல்வியாண்டு சித்திரையில், அவர்கள் சொல்லும் பைசாக மாதத்தில் தொடங்குகிறது. நான் போனபோது மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலப் புத்தகம் இன்னும் வந்து சேரவில்லை. பழைய மாணவர்கள் விட்டுப்போன நான்கு புத்தகங்களை ஒன்பது பேர் பகிர்ந்துகொண்டார்கள்.

இனி அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் வகுப்பில் முதல் நாள். கரும்பலகையில் 'மை நேம் இஸ்' என்று எழுதத் தொடங்கினேன். மூன்றாவது சொல்லை எழுதி முடிப்பதற்குள் வகுப்பு முழுவதும் மீதியைப் பாடிவிட்டது. பெயர், வயது, ஊர், பிடித்த நிறம், வளர்ந்தால் என்னவாகப் போகிறேன். ஐந்து வாக்கியமும் ஒரே ராகம். முன்வரிசைப் பெண் ஒருத்தி பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். தன்னார்வலர் வகுப்புக்கென்று தனியாக வைத்திருக்கும் நோட்டு. சிமெண்டுப் பைத் தாளில் உறை; நடுவில் தையல் விட்டுப்போய் வெள்ளை நூலால் மறுபடி தைத்திருந்தாள்.

முதல் பக்கத்தில் அந்த ஐந்து வாக்கியங்கள், நீல மையில், வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில். கீழே ஒரு சிரிக்கும் முகம். அதற்கடுத்து நிறங்களின் பெயர்கள், விலங்குகள், உடல் உறுப்புகள். எட்டுப் பக்கம் தள்ளி மறுபடியும் அதே ஐந்து வாக்கியங்கள், இப்போது பச்சை மையில், உருண்டை எழுத்தில். கீழே நட்சத்திரம். மறுபடி நிறங்கள், விலங்குகள், உடல் உறுப்புகள். அப்புறம் சிவப்பு மை. அப்புறம் பென்சில். எண்ணிப் பார்த்தேன்: ஏழு பேர் கையெழுத்து. உடல் உறுப்புகளைத் தாண்டி ஒருவரும் போகவில்லை. மூன்று, நான்கு வாரத்தில் அதுவரைதான் போக முடியும். அதற்குள் ஊருக்குத் திரும்பும் நாள் வந்துவிடும். அடுத்து வருபவருக்கு முன்னவர் எங்கே நிறுத்தினார் என்று சொல்ல ஆளில்லை. அவர் மறுபடி பெயரிலிருந்து தொடங்குவார்.

எட்டாவது ஆளாக நானும் பெயரிலிருந்துதான் தொடங்கியிருந்தேன்.

அவள் எழுதியிருந்த வாக்கியத்திலிருந்து 'ஃபேவரிட்' என்ற சொல்லை மட்டும் எடுத்துக் கரும்பலகையில் தனியாக எழுதி, வாசிக்கச் சொன்னேன். அவளுக்கு வரவில்லை. வகுப்பில் யாருக்கும் வரவில்லை. எழுத்தைக் கூட்டி வாசிக்க அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாட்டு மனப்பாடமாவதுபோல் வாக்கியம் மனப்பாடமாகியிருந்தது. இந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது குருங் மொழி, பள்ளியில் படிப்பது நேபாளி. ஆங்கிலம் மூன்றாவது. இரண்டையும் அறியாத ஒருவர் மூன்றாவதைக் கற்றுக்கொடுக்க வந்து நிற்கிறார் என்றால் அந்தப் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு ஏறும்?

நான் பாடம் நடத்திய நேரத்தில் அந்த வகுப்பின் உண்மையான ஆங்கில ஆசிரியர் எங்கே இருந்தார் தெரியுமா? அலுவலக அறையில் வருகைப் பதிவேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். 26 வயது இருக்கும். எல்லோரும் அவரை 'சர்' என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பக்கத்து மலையில் பிறந்தவர், பி.எட். படித்தவர், இலக்கணத்தில் என்னைவிடத் தெளிவானவர். தன்னார்வலர் வரும்போதெல்லாம் வகுப்பை விட்டு வெளியே போகச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர் முன்னால் ஆங்கிலம் பேசக் கூச்சம், அதனால் அவரும் மறுப்பதில்லை. ஆண்டுக்கு ஐந்து மாதம் அந்த வகுப்பு அவர் கையை விட்டுப் போய்விடுகிறது என்று அவரே கணக்குச் சொன்னார். பிள்ளைகள் முன்னால் அவர் மதிப்பு என்ன ஆகும்? எங்கிருந்தோ வந்த 18 வயதுப் பெண்ணுக்காகத் தங்கள் ஆசிரியர் எழுந்து வெளியே போவதைத்தானே அவர்கள் பார்க்கிறார்கள்.

மூன்றாம் நாள் அவரிடம் போய், "சர், நீங்கள் நடத்துங்கள், நான் பின்னால் உட்கார்ந்து உதவுகிறேன்" என்றேன். தயங்கினார். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டோம். காத்மாண்டு அலுவலகத்திலிருந்து எங்களைக் கவனிக்க வேண்டிய ஒருங்கிணைப்பாளர் நான்கு வாரத்தில் இரண்டு முறை தொலைபேசியில் பேசினார், ஒரு முறையும் நேரில் வரவில்லை. அதனால் தடுக்கவும் யாரும் இல்லை.

கடைக்காரரிடம் வாய்வாய் நூடுல்ஸ் வந்த அட்டைப் பெட்டிகளை வாங்கி, வெட்டி, எழுத்தொலி அட்டைகள் செய்தோம். நம் ஊரில் செயல்வழிக் கற்றல் வகுப்புகளில் பயன்படுத்திய அதே வகை. எந்த ஒலி எந்த எழுத்துக் கூட்டுக்கு என்று வரிசைப்படுத்துவது எனக்குத் தெரியும். 'பி'யும் 'வி'யும் நேபாளி நாவில் எங்கே குழம்பும், எந்தச் சொல்லைச் சொன்னால் ஆறாவது பெஞ்சில் இருக்கும் பையனுக்கும் சட்டென்று பிடிபடும் என்பது அவருக்குத்தான் தெரியும். நான் தனியாகச் செய்திருந்தால் அந்த அட்டைகளில் பாதி வீண். மே மாதம் அங்கே காஃபல் பழுக்கும் காலம். சிவந்த சின்னப் பழம், பிள்ளைகள் சட்டைப்பை கறையாகும் அளவுக்குப் பறித்து வருவார்கள். 'காஃபல் பாக்யோ', காஃபல் பழுத்துவிட்டது என்று கூவுவதாக அவர்கள் நம்பும் ஒரு குயில் உண்டு. அந்தக் கூவலின் ராகத்திலேயே சர் மூன்று ஒலிகளைச் சொல்லிக் கொடுத்தார். கடைசி வாரம் அந்த முன்வரிசைப் பெண் முன்பின் பார்க்காத சொற்கள் பதினொன்றைக் கூட்டி வாசித்தாள். பதினொன்றுதான். ஆனால் அவை அவளே வாசித்தவை.

சுவர் வண்ணம் அடிப்பது பற்றி ஒரு வார்த்தை. திட்டத்தில் அதுவும் உண்டு. ஜெர்மன் பையன் நான்கு நாள் அடித்தான். பழைய வண்ணம் உரிந்த இடத்தில் அதற்கடியில் வேறு இரண்டு வண்ணம் தெரிந்தது. கூரைத் தகரத்தில் இரண்டு இடத்தில் ஓட்டை. அந்த மாதம் ஆலங்கட்டி மழை பெய்தபோது மூன்றாம் வகுப்பில் வாளி வைத்தார்கள். அதைச் சரிசெய்யத் தச்சரை அழைக்கும் செலவு திட்டத்தில் இல்லை.

இந்தச் சேவையில் நான் முழு மனதோடு பாராட்டும் பகுதி ஒன்று உண்டு. தங்கிய வீடு. அங்கே அம்மாவை 'ஆமா' என்றும் அண்ணனைத் 'தாய்' என்றும் அழைக்கிறார்கள். முதல் இரண்டு நாள் அந்த வீட்டில் யார் யாரைக் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்த்தேன். ஆமாவுக்கு 58 வயது. மகன் கத்தாரில், மருமகள் பேரப்பிள்ளைகளின் பள்ளிக்காகப் பேசிசஹரில். கல் வீடு, தகரக் கூரை, கழிவறை வெளியே. விடிவதற்கு முன் நாலரை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவார்.

இரண்டாம் நாள் இரவு அவர் இரும்புச் சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து, மாவைக் கொட்டி, நீண்ட மரத் துடுப்பால் கிண்டத் தொடங்கினார். மாவின் நிறத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கேழ்வரகு. அவர்கள் அதைக் கோதோ என்கிறார்கள், களியை டிண்டோ என்கிறார்கள். சட்டியைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து, அடியிலிருந்து மேலே புரட்டும் அந்த முறுக்கு அப்படியே என் பாட்டியின் கைமுறுக்கு. நான் எழுந்து துடுப்பை வாங்கிக் கிண்டினேன். ஆமா என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு பக்கத்து வீட்டு அக்காவைக் கூவி அழைத்தார். காயவைத்த குந்த்ருக் கீரையில் புளிப்பான குழம்பு. களியைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கினேன். அவர்களும் மெல்லுவதில்லை! நெதர்லாந்துப் பெண்ணுக்கு எப்படி விழுங்குவது என்று நானும் ஆமாவும் சேர்ந்து சொல்லிக் கொடுத்தோம். நாங்கள் களியில் அரிசி நொய் சேர்ப்போம் என்று சைகையால் சொன்னதும், மறுநாள் அவரே கொஞ்சம் அரிசி போட்டுக் கிண்டிப் பார்த்தார். பிடிக்கவில்லை போலும், அடுத்த நாள் பழையபடி.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் விருந்தாளியாக இல்லை. சனிக்கிழமைகளில் மக்காச்சோளக் காட்டில் களை எடுக்கப் போனேன். முழங்கால் உயரப் பயிர், அடுக்கடுக்காகப் படிக்கட்டு வயல். டோகோ என்னும் மூங்கில் கூடையை நெற்றிப் பட்டையில் மாட்டிச் சாணம் சுமக்கப் பழக ஆமாவின் பக்கத்து வீட்டுக்காரர்களே கற்றுக்கொடுத்தார்கள். ஊர்ப் பெண்கள் 'ஆமா சமூஹ' என்று தாய்மார் குழு வைத்திருக்கிறார்கள். பாதை செப்பனிடுவது, பணம் கைமாற்று, சாவு வீட்டுச் செலவு எல்லாம் அவர்கள் கையில். அந்த ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்க நினைப்பவர் கேட்க வேண்டிய இடம் அதுதான். நிறுவனம் இத்தனை ஆண்டுகளில் ஒரு முறையும் அவர்களைக் கேட்டதில்லை என்றார் ஆமா. புகாராகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குப் பதில் சொன்னார்.

இப்போது பணக் கணக்கு. ஆமாவிடம் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். எனக்காக அவருக்கு நாளொன்றுக்கு 400 நேபாள ரூபாய் கிடைத்தது. 25 நாளுக்கு 10,000; நம் பணத்தில் 6,250. பள்ளிக்கு ஒரு தன்னார்வலருக்கு 5,000 நேபாள ரூபாய், அதாவது 3,125. ஆக, நான் கட்டிய 42,000-இல் மலை ஏறியது 9,375 ரூபாய். மீதி முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தில் மூன்று இரவு அறை, இரண்டு நாள் பயிற்சி, பஸ், ஜீப் எல்லாவற்றையும் தாராளமாகக் கழித்துப் பார்த்தாலும் பாதிக்கு மேல் எங்கே என்று தெரியவில்லை. திரும்பி வந்ததும் கணக்குக் கேட்டு எழுதினேன். 'நிர்வாகச் செலவு' என்று ஒற்றை வரியில் பதில். ஐரோப்பாவிலிருந்து வந்த இருவரும் இடைத்தரகர் வழியாக என்னைவிடப் பல மடங்கு கட்டியிருந்தார்கள். அவர்களுக்கும் ஆமாவின் அண்டை வீட்டில் அதே கட்டில், அந்த வீட்டுக்கும் அதே 400 ரூபாய்.

காத்மாண்டு அலுவலகச் சுவரில் இன்னொரு திட்டத்தின் சுவரொட்டியும் இருந்தது: அனாதைக் குழந்தைகள் இல்லத்தில் இரண்டு வாரம். தயவுசெய்து எந்த நாட்டிலும் இதற்குப் போகாதீர்கள். நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், ஹும்லா போன்ற எட்டாத மாவட்டங்களில் தரகர்கள் வீடு வீடாகப் போய், படிக்க வைக்கிறோம் என்று பெற்றோரிடம் பணமும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் காத்மாண்டுவுக்குக் கொண்டுவந்தார்கள். இந்த இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். இல்லங்களும் ஏழ்மை மிகுந்த மாவட்டங்களில் இல்லை. காத்மாண்டு, லலித்பூர், காஸ்கி, சித்வன் என்று வெளிநாட்டுப் பயணிகள் வருகிற இடங்களிலேயே குவிந்திருக்கின்றன. பார்க்க வருகிறவர் பணம் கொடுப்பதால்தான் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறார்கள். பிள்ளையோடு இரண்டு வாரம் கொஞ்சி விளையாடிவிட்டுப் போகிறவர், தெரியாமலே அந்தப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைக்கப் பணம் கட்டுகிறார்.

அப்படியானால் வெளிநாட்டுக் கிராமத்துக்கு இளைஞர்கள் போகவே கூடாதா என்று கேட்டால், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஊரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தேநீர்க் கடையில் தினமும் இருப்பார். 1970-ஐ ஒட்டி, அவர் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அமெரிக்க 'பீஸ் கோர்' தன்னார்வலர் ஒருவர் கணக்கு எடுத்திருக்கிறார். அந்த அமைப்பு 1962-இலேயே நேபாளத்துக்கு வந்துவிட்டது. மூன்று மாதம் மொழிப் பயிற்சி கொடுத்து, பிறகு இரண்டு ஆண்டு ஓரிடத்தில் இருக்க வைப்பார்கள். அந்த அமெரிக்கர் நேபாளியில் பாடம் நடத்தினார், குருங் மொழியில் திட்டவும் கற்றுக்கொண்டார் என்று சொல்லி, பெரியவர் பின்னங்களைப் பெருக்கும் முறையை மேசையில் சிந்திய தேநீரைத் தொட்டு எழுதிக் காட்டினார், அரை நூற்றாண்டுக்குப் பிறகும். இன்று 'டீச் ஃபார் நேபாள்' மூலம் நேபாளத்துப் பட்டதாரிகளே இரண்டு ஆண்டு கிராமப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். மொழி தெரிந்தவர்கள், நின்று வேலை செய்பவர்கள். அந்த வேலையை நான்கு வாரத்தில் செய்ய முடியும் என்று சொல்கிறவர் உங்களிடமும் உண்மை பேசவில்லை, அந்தப் பள்ளியிடமும் பேசவில்லை.

ஆகவே போக நினைக்கிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு? எனக்கு முன் இருந்தவர் எங்கே நிறுத்தினார், அந்தக் குறிப்பு எங்கே? அந்த ஊர் ஆசிரியர் வகுப்பில் இருப்பாரா? என்ன விசாவில் வரச் சொல்கிறீர்கள்? காவல்துறைச் சான்று கேட்காத நிறுவனத்துக்கு ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். ஒரு மாதம்தான் ஓய்வு இருக்கிறது என்றால், லம்ஜுங்கிலேயே காலேகாவ் போன்ற ஊர்களில் குருங் மக்கள் தாங்களே நடத்தும் வீட்டுத் தங்கல்கள் இருக்கின்றன. இடைத்தரகர் இல்லாமல் நேரே பணம் கொடுத்துத் தங்குங்கள், களை எடுங்கள், களி கிண்டக் கற்றுக்கொள்ளுங்கள். அதில் எந்தப் பிள்ளையின் படிப்பும் தடைபடாது. ஜூன் பிறந்தால் அட்டைப்பூச்சித் தொல்லை அதிகம். உப்பும் நீண்ட காலுறையும் எடுத்துப் போங்கள்.

நான் மறுபடி போவேன். ஆமா வீட்டுக்கு, நேரே. ஆனால் அந்த நிறுவனத்தின் வழியாகப் போக மாட்டேன்.

நான் கிளம்பிய அன்று சர் அந்த அட்டைகளை எண்ணிக் கட்டி அலமாரியில் வைத்தார், 64 இருந்தன. ஜூலையில் வாட்ஸ்அப்பில் பேசினோம். அடுத்து இரண்டு வாரத்துக்கு ஒருவர் வந்தாராம். தலைமையாசிரியர் இந்த முறை சரை வெளியே அனுப்பவில்லை. மூன்று மாதத்துக்குக் குறைவாக வருகிறவர்களை வகுப்புக்கு அனுப்ப வேண்டாம் என்று காத்மாண்டுவுக்குக் கடிதமும் எழுதியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. ஆறாம் வகுப்புப் புத்தகம் வந்துவிட்டது, ஒன்பது பேருக்கும்.